செவ்வாய் வெள்ளி வண்டி

கோட்டாறு,
31.5.2024, வெள்ளி

அன்புள்ள தங்கை சஜிதாவுக்கு அண்ணன் ஜாஸ்பர் எழுதுவது. இங்கே நானும் உன் மதினியும் சுகம். நீயும் பெனின் மாப்பிள்ளையும் ஜெபிஷாவும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். உன் மாமியாருக்கு என் ஸ்தோத்திரம். அதை நீ சொல்ல வேண்டாம், இந்தக் கடிதமே அவர்கள் கண்ணில் படக் கூடாது.

கோட்டாற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு இருபது நிமிடம். இந்தக் காலத்தில் இதற்கு ஒருவன் கடிதம் எழுதுகிறான் என்றால் சிரிப்பார்கள். ஆனால் உன் போன் அடித்தால் ஜெயபாய் மாமிதான் எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள். நாம் பேசுவதைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டுப் பதில் சொல்கிறாள். ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நம் மருந்து மொத்தக் கடையின் வண்டி உங்கள் ஊர் லைனுக்கு செவ்வாயும் வெள்ளியும் வரும். டிரைவர் பொன்னுலிங்கம் உன் வாசலில் ஒரு பெட்டி தருவான். அடியில் என் கடிதம் இருக்கும். அடுத்த நடையில் காலிப் பெட்டிக்குள் உன் பதிலை வைத்துக் கொடு. படித்ததைக் கிழித்துப் போடு.

பெட்டியில் வெள்ளை மூடி போட்ட வைட்டமின் டப்பா இருக்கிறது. உள்ளே இருப்பது வைட்டமின் இல்லை என்று உனக்குத் தெரியும். லீவுக்கு வந்தபோது, உன் மதினி ஊரில் இல்லாத நேரம், எங்கள் வீட்டில் வைத்துப் பிள்ளைக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததும், திருவனந்தபுரத்து டாக்டர் தலையில் வயர் ஒட்டிப் பார்த்து இரண்டு வருஷம் மாத்திரை என்று சொன்னதும் நீயும் நானும் மட்டும் அறிந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரு நேரம்கூடத் தவறக் கூடாது.

வெளியே சொல்லாதே. நம் தம்பி ஆபேல் குளத்தில் போனது நீச்சல் தெரியாமல் என்றுதான் உன் கல்யாணப் பேச்சில் சொன்னோம். அவன் நீந்தினால் மீன் வெட்கப்படும், தண்ணீருக்குள் வலிப்பு வந்துதான் போனான் என்பது நமக்குத் தெரியும். இப்போது ஜெபிஷாவுக்கும் என்றால், அவர்கள் பழசைத் தோண்டுவார்கள்.

ஆபேலுக்குக் கொடுக்க ஒரு மாத்திரை இல்லாத வீட்டில் பிறந்தவன், இன்று பாதி மாவட்டத்துக்கு மாத்திரை அனுப்புகிறான். நம் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

மற்றவை உன் பதில் கண்டு.
அண்ணன்
ஜாஸ்பர்


ஆரல்வாய்மொழி,
11.6.2024, செவ்வாய்

பிரியமுள்ள அண்ணனுக்கு சஜி எழுதுகிறேன். தேவ கிருபையால் நாங்கள் சுகம். மதினியின் முட்டுவலி எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தடவச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஜெபிஷா நாலாம் வகுப்பு. மாத்திரை ஒரு நேரமும் தவறவில்லை. லீவுக்குப் பிறகு அது வரவும் இல்லை.

ஆனால் மாமி டப்பாவைப் பார்த்துவிட்டார்கள். "என்னட்டி அது, தெனம் ரெண்டு நேரம்?" என்றார்கள்.

"வைட்டமின், மாமி. அண்ணன் குடுத்து விட்டது."

"பிள்ளைக்கு மட்டும்தான் சத்து வேணுமோ? எனக்குக் காலு கெடந்து கடுக்குது. உன் அண்ணன் கண்ணுக்கு நான் ஒருத்தி தெரியல்லியா?" என்று மூடியைத் திறந்து ஒரு மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்கள். அது சின்னப் பிள்ளைகளுக்குள்ளது, பெரியவர்கள் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லி வாங்கி வைத்தேன். அவர்களுக்கென்று ஒரு டப்பா அனுப்புங்கள். இல்லையென்றால் நான் தூங்க முடியாது.

இன்னொன்று. ஜெபிஷாவின் அப்பா காற்றாலை வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஏன் என்று கேட்பார். அவரிடம் மட்டுமாவது சொல்லட்டுமா அண்ணா? அவர் நல்லவர்.

உங்கள் தங்கை
சஜிதா


கோட்டாறு,
14.6.2024, வெள்ளி

அன்புள்ள சஜிக்கு. உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மதினி எண்ணெய் தடவினாள், முட்டு அப்படியே இருக்கிறது, தலையணைதான் நாறுகிறது.

பெட்டியில் சிவப்பு மூடி போட்ட டப்பா மாமிக்கு. இது நிஜமான வைட்டமின். சிவப்பு அவர்களுக்கு, வெள்ளை பிள்ளைக்கு. மாறிப் போகக் கூடாது. வெள்ளையை அரிசிப் பானைக்குள்ளேயோ எங்கேயோ வை. சம்பந்தி வீட்டில் நமக்கு நல்ல பேர் வாங்க ஒரு டப்பா வைட்டமின் போதும் என்றால் லாபம்தான்.

பெனினிடம் சொல்ல வேண்டாம். நல்லவர்தான். நல்லவர்கள் அம்மாவிடம் எதையும் மறைக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். நான் இருபது வயதில் சைக்கிள் கேரியரில் டப்பா கட்டி வியாபாரம் தொடங்கியவன். அன்றிலிருந்து முப்பது வருஷமாகிறது. நான் கொடுத்த சரக்கில், எந்தச் சாதனத்திலும், குறை உண்டு என்று நானாக ஒரு கடைக்காரனிடமும் சொன்னதில்லை. அவன் கேட்டால் சிரிப்பேன், ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன், மாதக் கடைசியில் அவனே மறந்துபோவான். குறையைச் சொன்னவன் கடையைப் பூட்டினான், சொல்லாதவன் இன்னொரு கடை திறந்தான். இரண்டு வருஷம் நீயும் வாயைப் பூட்டிக்கொள். அதற்குள் பிள்ளைக்குச் சரியாகிவிடும்.

உன்மேல் கோபமில்லை. உன்னை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்
ஜாஸ்பர்


ஆரல்வாய்மொழி,
5.7.2024, வெள்ளி

பிரியமுள்ள அண்ணனுக்கு. நீங்களும் மதினியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமி உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். சிவப்பு மூடி தின்ற பிறகு கோவில் படி ஏற முடிகிறதாம். போகிற வருகிறவர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டுகிறார்கள்.

இங்கே காற்று தொடங்கிவிட்டது. துணி காயப் போட்டால் முப்பந்தலில் போய்த்தான் பொறுக்க வேண்டும். புழுதி வேறு. ஜெபிஷாவுக்கு நாலு நாளாக இருமல். சாயங்காலமானால் மேலு சுடுகிறது. தொண்டைக்குள் பார்த்தேன், செக்கச் செவேலென்று இருக்கிறது. எச்சில் விழுங்க அழுகிறாள்.

மாமி ஸ்டேஷன் பக்கத்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்கிறார்கள். எனக்குப் பயம். "வேற என்ன மருந்து குடுக்குதிய?" என்று டாக்டர் முதலில் கேட்பது அதுதான். மாமி பக்கத்தில் நிற்பார்கள். நான் என்ன சொல்வேன்?

நீங்களே ஏதாவது கொடுத்து விடுங்கள். போன வருஷம் நீங்கள் அனுப்பிய மஞ்சள் சிரப் வேண்டாம். அதைக் குடித்து மூன்று நாள் வயிற்றால் போனது, உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, நினைவிருக்கிறதா? வேறு எது அனுப்பினாலும் அதை வெள்ளை மூடி மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்றும் எழுதுங்கள்.

சஜிதா


கோட்டாறு,
9.7.2024, செவ்வாய்

அன்புள்ள சஜிக்கு. எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. பிள்ளைக்கு இருமல் என்று படித்ததும் மதினி ஜெபக்கூட்டத்தில் சொல்லட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்று அடக்கினேன்.

பெட்டியில் இரண்டு குப்பி சிரப் இருக்கிறது. பேர் கிளாரித்ரோமைசின். மஞ்சள் சிரப் பழைய சாதனம், ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அப்படித்தான் தடிக்கும். இது அதைப்போல மூன்று மடங்கு விலை. பெரிய ஆஸ்பத்திரிகளில் எழுதுவது இதைத்தான். தூளாக இருக்கும், ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கு. நான் மூடியில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், காலையும் இரவும் அந்தக் கோடு வரை. வாய் கசக்கும், சர்க்கரை கொடு.

ஒன்று கவனி. தொடங்கினால் ஏழு நாள் முடிக்க வேண்டும். இருமல் நின்றது என்று பாதியில் நிறுத்தினால் கிருமி மறுபடி முழிக்கும். நம் ஜனங்கள் பண்ணுகிற தப்பே அதுதான். என்ன வந்தாலும் நிறுத்தாதே.

வெள்ளை மூடியோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. தலைக்குள்ளது தலைக்குப் போகும், தொண்டைக்குள்ளது தொண்டைக்குப் போகும். ஒன்றும் ஆகாது. நம் கடையில் மருந்து படித்தவர் அனில்குமார் இருக்கிறார். சுவரில் மாட்டியிருக்கிற சர்டிபிகேட் அவருடையது. அவரிடம் கேட்டால் எந்தப் பிள்ளைக்கு, என்ன எடை என்று நூறு கேள்வி வரும். இத்தனை வருஷம் பெட்டி பிரித்தவனுக்கு இது தெரியாதா?

தைரியமாக இரு.
ஜாஸ்பர்


ஆரல்வாய்மொழி,
12.7.2024, வெள்ளி

அண்ணனுக்கு. நீங்கள் சுகம்தானே? இங்கே மனசு சுகமில்லை.

செவ்வாய் இரவு சிரப் தொடங்கினேன். இருமல் குறைந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. ஆனால் நேற்றிலிருந்து பிள்ளை சரியில்லை. நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாள். பிடிக்காமல் நடந்தால் குடித்தவனைப் போல ஒரு பக்கமாகப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள் என்று டீச்சர் ஆளனுப்பினார்கள். எந்நேரமும் தூக்கம்.

காலையில் வாசலில் நின்று காற்றாலைகளைப் பார்த்து, "அம்மா, காத்தாடி எல்லாம் ரெண்டு ரெண்டாட்டு சுத்துது" என்றாள்.

மாமி சிரித்தார்கள். "ஏட்டி, அங்க ஆயிரம் காத்தாடி நிக்குது. உனக்கு ரெண்டுதான் தெரியுதா?" என்றார்கள். பிறகு கண்ணாடி போட வேண்டும்போல, டிவி பார்த்துப் பார்த்து என்றார்கள்.

எனக்கு அது கண் இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் பாதியில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருப்பதால் இன்று காலையும் கொடுத்தேன். சனியும் ஞாயிறும் திங்களும் கொடுத்து முடிக்கத்தான் இருக்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். ஒரு வார்த்தை போதும்.

பொன்னுலிங்கம் வாசலில் ஹாரன் அடிக்கிறான்.
சஜி


கோட்டாறு,
13.7.2024, சனி

அன்புள்ள சஜிக்கு. உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் கிடைத்தது. பயப்படாதே.

அனில்குமாரிடம் ஒரு கஸ்டமர் பிள்ளை என்று சொல்லிக் கேட்டேன். இந்த சிரப் உள்ளே போனால், வலிப்பு மாத்திரை உடம்பை விட்டுப் போகாமல் தங்குமாம். தினமும் கொடுக்கிறது சேர்ந்து சேர்ந்து அளவு கூடிவிடும். தள்ளாட்டம், வாந்தி, இரண்டாகத் தெரிவது எல்லாம் அதனால்தான். தொண்டைக்குள்ளதும் தலைக்குள்ளதும் ஒரே வழியாகத்தான் வெளியே போகின்றனவாம். எனக்குத் தெரியாது.

இது கிடைத்ததும் சிரப்பை நிறுத்து. மீதியைக் கொட்டு. வெள்ளை மூடி மாத்திரையை மட்டும் உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே, நிறுத்தினால் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். அதுவரை பிள்ளையைப் படி ஏற விடாதே, பள்ளிக்கூடம் அனுப்பாதே.

இன்று லைன் இல்லை. செவ்வாய் வண்டியில்தான் இது வரும், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். நான் நேரில் வரலாம் என்றால், வேலை நாளில் அண்ணன் வந்து நின்றால் என்ன விசேஷம் என்று மாமி கேட்பார்கள். நீ புத்திசாலி, அதற்குள் நீயே நிறுத்தியிருப்பாய் என்று நம்புகிறேன்.

மாமிக்குச் சிவப்பு மூடி இன்னொன்று வைத்திருக்கிறேன்.

ஜாஸ்பர்


நாகர்கோவில், ஆஸ்பத்திரி வராந்தா,
15.7.2024, திங்கள்

சஜி, ரொட்டிப் பொட்டலத்துக்குள் இதை வைத்துத் தருகிறேன். சுகம் விசாரிக்கிற நேரமில்லை.

பெனின் போன் செய்து "பிள்ள மாடிப்படியில இருந்து விழுந்துட்டு அத்தான்" என்று நேற்று மத்தியானம் சொன்னபோது நான் அப்போதுதான் கோவிலிலிருந்து வந்திருந்தேன். எப்படி இங்கே வந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடி வழியாக ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள்.

உன்னைச் சுற்றி அவர்கள் வீட்டார் நிற்கிறார்கள், பேச வழியில்லை. கவனமாகக் கேள். என்ன மருந்து கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டால் இருமல் மருந்து, வைட்டமின் என்று மட்டும் சொல். எல்லோர் முன்னாலும் வேறு எதுவும் சொல்லாதே. மீதியை நான் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அது என் பொறுப்பு.

ரொட்டியைத் தின்னு. நேற்றிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னார்கள்.

அண்ணன்


கோட்டாறு,
19.7.2024, வெள்ளி

அன்புள்ள சஜிக்கு. நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை கண் திறந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பெனின் என் போனை எடுக்கவில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலிலேயே வழிமறித்து, "நீங்க போங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணில் இருந்தது.

டாக்டரிடம் சொல்லத்தான் போனேன், சஜி. திங்கள் மத்தியானம் அவர் அறை வாசலில் நின்றேன். உள்ளே யாரோ இருந்தார்கள். சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் போய்விட்டார். செவ்வாய் காலையில் அறைக்கு வெளியே உன் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய் இரவு கடையடைக்கும்போது பொன்னுலிங்கம், "ஆரல்வாய்மொழிப் பெட்டிய வீட்டுல நின்ன வயசான அம்மைக்கிட்டக் குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றான். எந்தப் பெட்டி என்று கேட்டேன். "நீங்க சனிக்கிழமை கெட்டி வச்சதுதான்" என்றான். அதன் அடியில்தான் சிரப்பை நிறுத்தச் சொன்ன கடிதம் இருந்தது.

அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. லைன் நாளில் பெட்டி போகும். முப்பது வருஷமாக அப்படித்தான் போகிறது.

ஒரு வரி எழுது. பிள்ளையைப் பற்றி மட்டும் எழுது போதும்.

ஜாஸ்பர்


ஆரல்வாய்மொழி,
16.8.2024, வெள்ளி

அண்ணனுக்கு. மதினி சுகமாயிருக்கட்டும். உங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றும் கிடைத்தன. பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

ஜெபிஷா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, "தண்ணி" என்று சொல்ல வந்து "தட்டு" என்கிறாள், பிறகு அழுகிறாள். வலது கால் இழுக்கிறது. வலது கையில் விரல்கள் மடங்கவில்லை. தலையில் அடிபட்ட இடம் அப்படியாம். எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகுமுன் சிரப் கொடுத்தேன். நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. திரும்பி வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காற்றில் அவளுடைய கவுன் மாடியில் அடித்துக்கொண்டது. அதை எடுக்கப் போயிருக்கிறாள். வெளிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அவளுக்குப் படியும் இரண்டு இரண்டாகத்தான் தெரிந்திருக்கும். எது நிஜப்படி என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் ஞாயிறு இரவிலிருந்து வெள்ளை மூடி மாத்திரை இல்லை. திங்கள்கிழமை வலிப்பு வந்தது, செவ்வாய் காலை மறுபடியும். "முன்னால வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை என்றேன். நீங்கள் தனியாகச் சொல்லியிருப்பீர்கள், ஆட்கள் நிற்பதால் டாக்டர் தெரியாததுபோலக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

செவ்வாய் மத்தியானம் மாமி கோழிக்குத் தீனி போட வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பொன்னுலிங்கம் பெட்டியைக் கொடுத்திருக்கிறான். சிவப்பு மூடி வந்திருக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். அடியில் உங்கள் எழுத்து. இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராகக் கணக்கு எழுதியவர்கள், படிக்கத் தெரியாதா? உடுத்திய சேலையோடு பஸ் பிடித்து வந்தார்கள். என்னிடம் நிற்கவில்லை. நேராக டாக்டர் அறைக்குள் போய்க் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்தை மாற்றினார்கள். சாயங்காலம் வலிப்பு நின்றது.

திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிப்புன்னு சொன்னா நான் என்னட்டி செய்வேன்? பிள்ளயத் தூக்கி ரோட்டுல போட்டுருவேனா? எங்க சத்துணவுல ரெண்டு பிள்ளைகளுக்கு இருந்துது. தரையில சாச்சிப் படுக்க வச்சு, நனைச்ச துணிய மாத்தி விட்டது நாந்தான். இதுக்காட்டி மறைச்ச?" என்றார்கள்.

பிறகு ஒன்று சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"சனியாழ்ச்ச சாயங்காலம் உன் அண்ணன் போன் பண்ணினான். நீ குளிச்சிட்டிருந்த, நான் எடுத்தேன். செவப்பு மூடி ஒத்துப் போவுதா மாமின்னு கேட்டான். கொள்ளாம், நல்லாருக்குன்னேன். வேற ஒண்ணும் இல்ல மாமின்னு வச்சிட்டான். அந்த சிரப்ப நிறுத்தச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஏன் எதுக்குன்னா கேக்கப் போறேன்? அப்பமே எடுத்து ஓடையில ஊத்திருப்பேனே."

நான் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன் அண்ணா. பதின்மூன்று. சனிக்கிழமை.

சிரப்பை நிறுத்து என்பதில் என்ன ரகசியம் இருக்கிறது? வலிப்பு, வெள்ளை மூடி, ஆபேல் ஒன்றும் அதில் வரவில்லையே. ஏன் சொல்லவில்லை?

ஜெபிஷாவின் அப்பா என்னிடம் பேசுவதில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது, பிள்ளையைத் திருப்பிப் படுக்க வை, இவ்வளவுதான்.

சஜிதா


கோட்டாறு,
20.8.2024, செவ்வாய்

சஜிதாவுக்கு. உன் சுகத்தைக் கேட்க எனக்கு வாயில்லை. மதினி உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. அவளுக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அன்று அனில்குமார் சிரப்பை நிறுத்தச் சொன்னதோடு விடவில்லை. "இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க அண்ணாச்சி, ரத்தத்துல அளவு பாக்கணும்" என்றார். அதை நான் உனக்கு எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டேன். ஆஸ்பத்திரி என்றால் சீட்டு, சீட்டு என்றால் யார் தந்த மருந்து என்று வரும்.

போன வாரம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சுவரிலிருந்து சர்டிபிகேட்டைக் கழற்றும்போது, "எந்தப் பிள்ளைன்னு சொல்லியிருந்தா நானே ஆட்டோ பிடிச்சுப் போயிருப்பேனே" என்றார். சட்டப்படி மருந்து படித்தவர் இல்லாமல் கடை திறக்கக் கூடாது. நான் வேறு ஆள் தேடவில்லை, பூட்டியே கிடக்கிறது, வண்டி உன் பெட்டிக்காக மட்டும்தான் வருகிறது.

போன் விஷயம். ரகசியம் வெளியாகும் என்று பயந்தேன் என்றுதான் ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்டதும் அது நிற்கவில்லை. சிரப்பை நிறுத்துங்கள் மாமி என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர்கள் ஏன் என்று கேட்டிருந்தால், நான் தந்த சாதனம் தப்பு என்று சொல்ல வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வரவில்லை, சஜி. அவ்வளவுதான். கோவில் படி ஏற முடிகிறது என்று என்னைப் பற்றிப் பெருமை பேசுகிற மனுஷியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை மாமி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி அடிக்கலாம் என்றும் தோன்றியது. ஒரு கடைக்காரன் வந்தான், சிரித்துப் பேசி டீ சொன்னேன்.

ஆபேலுக்கு மருந்து கிடைக்கவில்லை. ஜெபிஷாவுக்குக் கிடைத்தது. நான் கொடுத்தேன்.

பெட்டியில் பிள்ளையின் கைக்குத் தடவ ஒரு தைலம் இருக்கிறது. டாக்டர் இப்போது எழுதியிருக்கிற மாத்திரை எதுவென்று சொன்னால் அதையும் வெள்ளியன்று அனுப்புகிறேன். லேபிளோடு அனுப்புகிறேன்.

ஜாஸ்பர்


ஆரல்வாய்மொழி,
30.8.2024, வெள்ளி

அண்ணனுக்கு. மதினியின் முட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தைலத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. இனிப் பொன்னுலிங்கத்திடம் பெட்டி கொடுத்து விட வேண்டாம். ஜெபிஷாவின் மாத்திரையை டாக்டர் சீட்டைக் காட்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்குகிறோம். அங்கே இருக்கிற பெண், பிள்ளைக்கு வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள், முன்பு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் தந்தாள். மாமிதான் முன்னால் நின்று ஒன்று ஒன்றாகச் சொன்னார்கள். மஞ்சள் சிரப், தடிப்பு, வெள்ளை மூடி, வலிப்பு, எல்லாம். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

ஜெபிஷா இடது கையால் எழுதப் பழகுகிறாள். முதல் எழுத்து மட்டும் வருகிறது.

இதுதான் நான் எழுதுகிற கடைசிக் கடிதம். பேச வேண்டும் என்றால் போன் பண்ணுங்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம்.

சஜிதா